முறுக்கு என்கிற இண்ட்டிபேர்

பிரபு,

நேற்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் சத்தமில்லாமல் போய்விட்டேன். நீயும் "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்லியாம்மா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு நம்முடைய இண்ட்டிபேர் என்ன என்று பலமனேரில் உன் வருங்கால மாமனார் கேட்டார் என்றாய். தெலுங்குக்காரர்கள் எல்லாருக்கும் பேருக்கு முன்னால் ஒரு குடும்பப் பெயர் இருக்கும், நமக்கு அந்த வழக்கமே கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்தோடு சரி. அதை அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "ஏதாச்சும் ஒண்ணு வச்சிக்கலாம்மா, ஸ்டைலா இருக்கட்டும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நான் நின்றுபோனேன். கோபம் இல்லை. உன்னிடம் சொல்லாமல் ஒன்றை வைத்திருக்கிறேனே என்று ஞாபகம் வந்துவிட்டது. ஹைகோர்ட்டு நீதிபதிக்குத் தெரியும், சர்க்கார் வக்கீலுக்குத் தெரியும், நம்ம ஊர்ப் பெண்கள் நாலைந்து பேருக்குத் தெரியும், பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. இது என்ன நியாயம்?

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்று காலையிலிருந்து நகரி மலை கண்ணிலேயே படவில்லை. மேகம் இறங்கி வந்து எங்கேயோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. மாங்கூழ் பாக்டரியில் சீசன் முடிந்து எனக்கு வேலையும் இல்லை. இப்படி வெளிச்சமும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் இருக்கிற பகலில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வரும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று தானாக வரும், நான் கூப்பிட வேண்டியதே இல்லை. நீ நிதானமாகப் படி. ஸ்வாதிக்குத் தமிழ் படிக்க வராது, அவளுக்கும் நீயே படித்துக் காட்டு. அவள் நம் வீட்டுக்கு வரப்போகிறவள், நம் வீட்டுக் கதை அவளுக்கும் தெரியட்டும்.

உங்க நைனா திருப்பதியில் சென்ட்ரிங் வேலை பார்த்தார் என்பது உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நிற்கிற லாட்ஜுகளில் பாதிக்கு அவர் பலகை கட்டியிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்தால் திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது தாங்காது. அவர் வருகிற வரைக்கும் ஏங்கிக்கொண்டு கிடப்பேன், வந்து வாசலில் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பேச மாட்டேன், தட்டை டங்கென்று வைப்பேன். அவர் கோபப்பட மாட்டார். "இன்னா, முறுக்கிக்கினு நிக்கிற" என்று முதலில் சொன்னார். அடுத்த வாரம் அது குறைந்து, "இன்னா முறுக்கு, நீ துன்னியா?" என்று ஆயிற்று. அதோடு நிலைத்துவிட்டது. என் பேர் அலமேலு என்பதே வீட்டுக்குள் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

நீ பிறந்த பிறகு உன் எதிரில் அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பிள்ளை வெளியே போய்ச் சொல்லிவிடும், தெருவே சிரிக்கும் என்று எனக்குப் பயம். அவரும் காப்பாற்றினார். நீ தூங்கினபின், அல்லது நீ பள்ளிக்கூடம் போனபின், அடுப்புப் பக்கம் வந்து சின்னக் குரலில் சொல்வார். மற்றபடி உனக்குத் தெரிந்த நைனா "ஏம்மே" என்று மட்டும்தான் கூப்பிடுவார். உனக்குத் தெரியாமல் இந்த வீட்டுக்குள் இன்னொரு பேர் இத்தனை வருஷம் நடமாடிக்கொண்டிருந்தது, பிரபு. எழுதும்போது எனக்கு இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும்.

நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய், ரேஷன் கார்டிலிருந்து உன் பேரை எடுத்த சமயம். வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான், கையில் டேப்லட். நல்ல பையன்தான், தெலுங்கு மட்டும்தான் அவனுக்கு வரும். உங்க நைனா அன்றைக்கு ஊரில் இருந்தார். எந்த நேரமும் தெலுங்கு மேஸ்திரிகளோடு பேசுகிறவர், அவருக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டார். பையன் முதலில் அவரைப் பற்றிக் கேட்டான். "மீ இண்ட்டிபேரு?" என்றான். இவர் யோசித்துவிட்டு, "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுப்பா" என்று சொல்லிவிட்டார். பையன் காலியாக விட்டான். பிறகு, "ஆமெ இண்ட்டிபேரு?" என்று என்னைப் பற்றிக் கேட்டான். இண்ட்டி என்றால் வீடு, பேரு என்றால் பேர். நம்ம பக்கம் வீட்டுப் பேர் என்றால் வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பேர்தானே? தனக்கு அப்படி ஒன்று கிடையாது, பெண்டாட்டிக்கு உண்டு என்று அந்த மனுஷர் புரிந்துகொண்டார்.

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.  சர்க்கார் இதையெல்லாமா கேட்கிறது என்று அவர் யோசித்திருக்கிறார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தபோது இருந்த அதே குரலில், "முறுக்கு" என்றார். எனக்குக் கை அப்படியே நின்றுபோனது. அரிசி கழுவின தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது. பையன் சிரிக்கக்கூட இல்லை. தெலுங்கில் உப்பு, பப்பு, பெல்லம் என்றெல்லாம் இண்ட்டிபேர் உண்டு. உப்பு வீட்டுக்காரரும் பருப்பு வீட்டுக்காரரும் வெல்ல வீட்டுக்காரரும் இருக்கிற இடத்தில் முறுக்கு வீட்டுக்காரி இருந்தால் என்ன அதிசயம்? எழுதிக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். "கவர்மெண்டே எழுதிக்கினு போய்ட்சி, இனிமே உன்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மழை பிடிக்கிற மாதிரி இருக்கிற பகலில் நன்றாகவே கேட்கிறது.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். திருப்பதியில் வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நீ காரியமெல்லாம் முடித்து பெங்களூர் திரும்பின பிறகு, பக்கத்துத் தெரு குப்பம்மாக்கா என்னை சச்சிவாலயத்துக்கு அழைத்துப் போனாள். சச்சிவாலயம் என்றால் ஊர்ச் செயலகம்தான், விதவைப் பென்ஷன் அங்கேதான் எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கிருந்த பொண்ணு சின்னப் பொண்ணு, லாவண்யா என்று பேர், அக்கறையாகத்தான் பேசினாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, செத்துப்போனவருக்கு இண்ட்டிபேர் இல்லை, உங்களுக்கு முறுகு என்று இருக்கிறது. இரண்டும் சேரவில்லை. நீங்கள் அவருடைய மனைவி இல்லை என்று காட்டுகிறது" என்று தெலுங்கில் சொன்னாள். முறுக்கு என்றதை அந்தப் பையன் முறுகு என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒருவன் அதைக் கேட்டுச் சிரித்தான். தெலுங்கில் முறுகு என்றால் சாக்கடைத் தண்ணீர்.  அவர் ஆசையாக வைத்த பேரே வந்து, நான் அவருக்கு யாரும் இல்லை என்று சொல்கிறதே என்று நினைத்தேன்.

சரி, அந்தப் பேரை எடுத்துவிடேன் என்று கேட்டேன். ஆமாம், முதலில் நானேதான் எடுக்கச் சொன்னேன், மறைக்கவில்லை. லாவண்யா தட்டிப் பார்த்தாள். கார்டில் மாற்றம் செய்ய வேண்டுமென்றால் குடும்பத் தலைவர் வந்து விரல் வைக்கவேண்டும் என்றாள். "தலைவர் எவரம்மா?" என்று கேட்டேன். "மீ ஆயனே" என்றாள். உங்க வீட்டுக்காரர்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டாள். நான் வீட்டுக்கு வந்து அவருடைய போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோதே மிஷின் அவர் விரலைச் சரியாக எடுத்ததில்லை. சிமெண்டும் பலகையும் தின்று விரலில் ரேகையே மிச்சமில்லை. ரேஷன் கடையில் துடைத்துத் துடைத்து வைப்பார். அன்று மத்தியானம் அப்படியே சாய்ந்து கண்ணசந்தபோது, அந்த விரல்கள் மட்டும் வந்து என் நெற்றியில் சொரசொரவென்று படுகிற மாதிரி இருந்தது. கண் விழித்தால் ஃபேன் காற்றில் முந்தானைதான் பட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நீ, "விடும்மா, நான் அனுப்புறேன், எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிக்கினு" என்று சொன்னாய். நான் வெடுக்கென்று வைத்துவிட்டேன், நீ ஒரு வாரம் பேசவில்லை. ஏன் வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். நீ அனுப்புவது உன் பாசம், அதை நான் எப்போது வேண்டாம் என்றேன்? ஆனால் அந்தப் பென்ஷன், அவர் போனபிறகு நான் தனியாக இருக்கிறேன் என்பதை ஊரும் சர்க்காரும் ஒத்துக்கொள்கிற ஒன்று. நீ அம்மாவுக்குக் கொடுக்கிறாய். அது அவருடைய பெண்டாட்டிக்கு வருகிறது. அதில்தான் நான் பெண்டாட்டியே இல்லை என்று எழுதியிருந்தார்கள். நீ எத்தனை அனுப்பினாலும் அந்த எழுத்து அழியாதே!

இதில் நான் மட்டும் இல்லை என்பதும் அலைந்தபோதுதான் தெரிந்தது. நம்ம பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எதற்கும் இண்ட்டிபேர் கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பிறகு வந்த கம்ப்யூட்டர் வாங்கவில்லையாம். அதனால் வந்தவர்கள் கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள். குப்பம்மாக்கா வீட்டில் கேட்டபோது அவள், "லேது" என்றிருக்கிறாள். இல்லை என்று அர்த்தம். அதையே இண்ட்டிபேராக எழுதிவிட்டார்கள். அவள் இன்று வரைக்கும் லேது குப்பம்மாதான். போய்ச்சேர்ந்த வீட்டுக்காரர் கார்டில் வேறு எழுத்து. அவளுக்கும் பென்ஷன் நின்றது. கேட்டால், "நானே இல்லேன்னு எழுதிட்டானுங்க, அப்புறம் எனக்கு எங்க குடுக்கறது" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பாள். பிள்ளை இல்லாதவள், கேட்டு வாங்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

திருப்பதியில் பத்மஜா என்று ஒரு வக்கீலம்மா, இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்துகிறவர்கள். பாக்டரியில் என்னோடு மாங்காய் நறுக்குகிற ஒருத்தி சொல்லி அனுப்பினாள். ஐந்து பெண்கள் போனோம். வக்கீலம்மா எல்லாருடைய காகிதத்தையும் பார்த்துவிட்டு, "முறுகு அண்ட்டே ஏமிட்டி?", முறுகு என்றால் என்ன என்று என்னைக் கேட்டார்கள். எங்க பூர்வீக ஊரின் பேர் என்று ஒரு பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளப் போனவர்கள் பேனாவை மூடிவிட்டு, "அம்மா, இது கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுக்கிற காகிதம். நிஜத்தைச் சொல்லுங்கள், அதுதான் நம் பலம்" என்றார்கள். மற்ற நாலு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, தெலுங்கு பாதி தமிழ் பாதியாகச் சொன்னேன். குப்பம்மாக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். அந்த அறையில் ஜன்னலுக்கு வெளியே கோயிலுக்குப் போகிற கூட்டம் நதி மாதிரி போய்க்கொண்டே இருந்தது, நாங்கள் உள்ளே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தோம்.

இங்கிலீஷில் எழுதிவிட்டுத் தெலுங்கில் படித்துக் காட்டினார்கள். மனுதாரரின் கணவர் அன்பினால் வீட்டில் அழைத்து வந்த பெயர், அது இண்ட்டிபேர் அல்ல என்று இருந்தது. நான் முறுக்கிக்கொள்வேன் என்பதையும் போட்டிருந்தார்கள். அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். "அப்படியென்றால் காரணம் தெரியாதே" என்று சொல்லிவிட்டு எடுக்கவே இல்லை. வழக்கு என்னவென்று எனக்குப் புரிந்தபடி உனக்குச் சொல்கிறேன். இண்ட்டிபேர் இல்லாதவருக்குப் பென்ஷன் கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த உத்தரவிலும் இல்லை. கம்ப்யூட்டரில் யாரோ வைத்த கட்டம் அது. ஒரு ஜனத்துக்கே இல்லாத ஒன்றைக் கேட்டு, இல்லையென்றால் தரமாட்டேன் என்பது அநியாயம். தள்ளுபடி செய்யும் முன்னால் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவ்வளவுதான்.

கேஸ் போட்ட கொஞ்ச நாளில் மண்டல ஆபீசிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்தார். இதுவரை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாத ஆபீஸ்காரர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். என் ஒருத்தி பேரைத் தனியாகச் சரிசெய்து கொடுப்பார்களாம். அந்தச் சொல்லை மேலிடத்திலேயே அழித்துவிடுவார்களாம். அடுத்த மாசமே பென்ஷன் வருமாம். கேஸிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கையெழுத்து போதும். கேஸில் முதல் பேர் என்னுடையது, நான் விலகினால் மற்றது தானாக நொண்டும் என்று அவருக்குக் கணக்கு. நான் உனக்குப் போன் செய்தேன், அந்தப் பேரை மட்டும் சொல்லவில்லை. நீ, "போட்டுடும்மா, உனக்கு வேண்டியது கெடைச்சிட்சி இல்ல" என்றாய். தப்பாகச் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஓய்ந்துபோயிருந்தது, போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது.

வாசலில் குப்பம்மாக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பிரபு. "போடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபத்திலாவது போட்டிருப்பேன், என் குணம் உனக்குத் தெரியும். அவள் பாட்டுக்கு ஆட்டுக்கு முருங்கைத் தழையை உருவிப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள். அப்புறம் அந்த ஆள் காகிதத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "இதோ, இந்த முறுகு இனிமேல் எங்கேயும் இருக்காது" என்று ஆறுதலாகச் சொன்னார்.  அவர் எங்கேயும் எழுதிவைக்கிற மனுஷர் இல்லை. ஒரு கடுதாசி போட்டதில்லை, ஒரு பாத்திரத்தில் பேர் வெட்டினதில்லை. அவர் எனக்கு வைத்த பேர் இந்த உலகத்தில் எழுத்தாக இருக்கிற ஒரே இடம் சர்க்கார் கார்டுதான். சாக்கடை என்று அர்த்தமாகட்டும், பலகாரம் என்று அர்த்தமாகட்டும், அது அவர் வாயால் சொல்லி எழுதினது. அதை அழித்தால்தான் நான் அவர் பெண்டாட்டி என்று ஒத்துக்கொள்வார்களாம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றவர்களுக்காகப் பெரிய மனசு பண்ணி மறுத்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். பாதிதான் அது. மீதிப் பாதி இது.

வரத் தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்லியும், கேஸ் கடைசியாக நடந்த அன்று நானும் குப்பம்மாக்காவும் ஹைகோர்ட்டுக்குப் போக ரேணிகுண்டாவில் ரயில் ஏறினோம். உன்னிடம் காளஹஸ்திக்குப் போகிறேன் என்று சொன்னேன். ரயில் காளஹஸ்தி வழியாகத்தானே போகிறது, முழுப் பொய் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே பார்த்தாலும் தண்ணீர் நின்று, வானம் கீழேயே கிடந்தது. கொக்குகள் வானத்தில் நிற்கிற மாதிரி நின்றன. நாம் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. அவரோடு எங்கேயாவது போக வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், இந்த வேலை முடியட்டும், அந்த மாடி முடியட்டும் என்பார். இப்போது அவர் வைத்த பேர்தான் என்னை இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொண்டேன். குப்பம்மாக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டு ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. குளுகுளுவென்று ஏசி, கறுப்பு அங்கிகள் போகிறதும் வருகிறதும், மெதுவான பேச்சு, கனவில் பேசுகிறவர்கள் மாதிரி. கண் சொக்கிக்கொண்டு வந்தது. அப்போது அந்தப் பேச்சுக்கு நடுவில் வக்கீலம்மாவின் குரல், "முறுக்கு அலமேலு" என்றது. முறுகு இல்லை. நான் சொன்னதைக் கேட்டுப் பழகி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. திருத்தமாக முறுக்கு என்று சொன்னார்கள். அவர் போன நாளிலிருந்து அந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பிரபு. யார் சொல்வார்கள்? கூப்பிட்ட வாய் ஒன்றுதானே. எனக்குத் தெரியாமலேயே எழுந்து நின்றுவிட்டேன். நீதிபதி ஐயா நிமிர்ந்து பார்த்தார். வக்கீலம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். அவர் தலையை லேசாக அசைத்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். நான் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். குப்பம்மாக்கா, கேஸ் தோற்றுப்போய்விட்டது என்று நினைத்து அவளும் அழுதாள்.

தோற்கவில்லை. வெளியே வந்து வக்கீலம்மா விவரமாகச் சொன்னார்கள். இண்ட்டிபேர் வேண்டும் என்கிற உத்தரவைக் காட்டுங்கள் என்று நீதிபதி கேட்டாராம். சர்க்கார் வக்கீல், உத்தரவு இல்லை, கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்வதில்லை என்றாராம். அப்படியானால் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். எங்கள் ஐந்து பேரையும் தள்ளினது செல்லாது. இண்ட்டிபேர் இல்லை, பொருந்தவில்லை என்பதற்காக இனி எவரையும் தள்ளக்கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கவேண்டும். கார்டில் இருக்கிற பேரை மாற்றுவதும் விடுவதும் அவரவர் இஷ்டம். கேட்டதும் குப்பம்மாக்கா, "அப்ப நான் இருக்கறேன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். வக்கீலம்மாவுக்குத் தமிழ் வராது, நான்தான் தெலுங்கில் சொன்னேன். 

இப்போது உன் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். மாமனாரிடம் நேராகச் சொல், எங்களுக்கு இண்ட்டிபேர் கிடையாது, எங்க நைனா பேரின் முதல் எழுத்துதான் என்று. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கோர்ட்டே ஒத்துக்கொண்டதை உன் மாமனார் ஒத்துக்கொள்ள மாட்டாரா? இல்லாததை இருக்கிற மாதிரி எழுதாதே, அழகாக இருந்தாலும் எழுதாதே. இன்னொன்று, ஸ்வாதிக்கு அவள் பிறந்த வீட்டு இண்ட்டிபேர் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லி நச்சரிக்காதே, அவள் பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வீட்டுக்குள் அவளுக்கென்று நீ ஒரு பேர் வைப்பாய், இப்போதே வைத்திருந்தாலும் வைத்திருப்பாய். அது என்ன என்று நான் கேட்க மாட்டேன். அவள் முறுக்கிக்கொண்டு நிற்கிற நாளில் அதைச் சொல்லிக் கூப்பிடு. சிரிக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடு. உங்க நைனாவுக்குப் பெரிய படிப்பு கிடையாது, இது மட்டும் நன்றாகத் தெரியும்.

பென்ஷன் மஞ்சூர் ஆகி உத்தரவு வந்ததும் லாவண்யா என்னை சச்சிவாலயத்துக்குக் கூப்பிட்டாள். என் பேரை ஸ்கிரீனில் திறந்து வைத்திருந்தாள். இப்போது யாருடைய விரலும் வேண்டாம், ஒரே தட்டில் எடுத்துவிடலாம் என்றாள். "முறுகு தீசேயமண்ட்டாரா அம்மா?" எடுத்துவிடட்டுமா என்று கேட்டு, கையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வேண்டாம் என்றேன். அது முறுகு இல்லையம்மா, முறுக்கு, அதை மட்டும் திருத்தி எழுது என்றேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். முன்பு தலையைக் குனிந்தவள் இந்தத் தடவை குனியவில்லை. நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாசம் பிறந்ததும் பென்ஷனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல் தடவை வந்த அன்று நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் வண்டி வந்து நின்றது. மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு லாவண்யா வாசலிலிருந்தே, "முறுக்கு அலமேலு காரூ!" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். தெருவே கேட்டிருக்கும், கேட்டுவிட்டுப் போகட்டும். "தோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். தனக்குத்தான் பதில் சொன்னேன் என்று அந்தப் பொண்ணு நினைத்திருப்பாள்.

உன் அம்மா